மூன்றாம் லைனில் ஒரு பல்குச்சி

அன்று காலை எட்டு மணிக்குப் பராமரிப்பு அறையில் நின்றவர்கள்: ஒகுமுரா, ஐம்பத்தொன்பது வயது, எங்கள் தலைவர், வலது காலுறைக்குள் பிளேயரும் திருப்புளிகளும் மடங்கி ஒன்றாகும் கனமான மல்டிடூல். தோகாஷி, நாற்பத்துநான்கு, கழுத்தில் கயிறு கட்டி பனியனுக்குள் தொங்கவிட்டிருக்கும் கத்தியில்லாத மல்டிடூல். கவாஜிரி அக்கா, மூன்றாம் லைனின் மேற்பார்வைக்காரி, அன்றைய ஆள் கணக்கைச் சொல்ல வந்தவர், தலைமுடி வலைக்குள் கொண்டையோடு சேர்த்துச் செருகிய மடக்குக் கத்தரிக்கோல். நான், ஹதானோ, முப்பத்தொன்று, இடது பூட்ஸுக்குள் விரல் நீளச் சிவப்பு மடக்குக் கத்தி. சுவரில் ஒட்டியிருந்த தாளின் ஒன்பதாவது வரியை ஒகுமுரா விரல் நீட்டி வாசித்தார். நாங்கள் மூவரும் அதே வரியை நோக்கி விரல் நீட்டி, ஒரே குரலில், "சொந்தக் கருவி கொண்டுவரவில்லை, சரி!" என்று கத்தினோம். பிறகு வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். வாரத்துக்கு ஆறு நாள் இப்படித்தான். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

தனியாக வாழும் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் இரவுச் சாப்பாட்டுப் பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பெட்டி. குழைந்த சோறு, நசுக்கிய பூசணி, முள் எடுத்த அயிலை மீன். மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுகிறவர்கள்தான் சாப்பிடப் போகிறார்கள் என்பதால் வேறு எங்கும் இல்லாத கெடுபிடி. உடைந்து விழக்கூடிய எல்லாமே நீலம். பேனா நீலம், கையுறை நீலம், வெட்டுக்காயத்தில் ஒட்டும் பிளாஸ்திரி நீலம், துடைப்பத்தின் நாரும் நீலம். சாப்பாட்டில் நீல நிறம் எதுவும் கிடையாது, அதனால் விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். உலோகம் விழுந்தால் லைனின் கடைசியில் நிற்கும் மெட்டல் டிடெக்டர் அலறும். வெள்ளை அங்கியில் பை வைத்துத் தைப்பதே இல்லை.

அப்படியிருந்தும் ஏன் கொண்டு போனோம் என்று பிற்பாடு என்னிடம் ஐந்து முறை கேட்டார்கள். காரணம் எளிது. முறைப்படியான கருவிகள் வேறொரு கட்டடத்தில், பூட்டிய அலமாரியில், ஒவ்வொன்றின் நிழலும் வரைந்த பலகையில் தொங்கின. ஒரு திருப்புளி வேண்டுமென்றால் அங்கியைக் கழற்றி, வெளியே போய், பதிவேட்டில் எழுதி, படம் எடுத்து, திரும்பி வந்து, அங்கியை மாட்டி, முப்பது வினாடி கை கழுவி, காற்றடிக்கும் கூண்டுக்குள் நின்று, உள்ளே வர வேண்டும். பதினெட்டு நிமிடம். ஆனால் லைன் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அதற்கு ஒரு அறிக்கை. ஏன் நின்றது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து ஏன்கள் எழுத வேண்டும். இந்த ஐந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவே இருந்த பதின்மூன்று நிமிடத்தை நாங்கள் பூட்ஸுக்குள்ளும் பனியனுக்குள்ளும் சுமந்தோம்.

பழகிவிட்டால் அது உடம்பின் பாகம் ஆகிவிடுகிறது. தோகாஷி தன்னுடையதால் சைக்கிள் பிரேக்கை முடுக்குவான், மீன் டப்பா திறப்பான், மனைவி பூட்டிக்கொண்ட குளியலறைக் கதவைக்கூட ஒருமுறை கழற்றியிருக்கிறான். முன்பு அவன் வைத்திருந்ததில் கத்தியும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலடியில் போலீஸ்காரர் நிறுத்தி, பையில் இது எதற்கு என்று கேட்க, "எதுக்காவது உதவுமேன்னுதான்" என்று சொல்லித் தொலைத்தான். எதற்காவது என்பது சட்டத்தில் காரணம் ஆகாது. இரண்டரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் கத்தியில்லாத ரகம். ஒகுமுராவுடையது இருபது வருடப் பழசு. அதன் பிளேயரால் அவர் நட்டும் கழற்றுவார், மதியச் சோற்று உருண்டையின் பிளாஸ்டிக் உறையையும் பிரிப்பார். நான் என்னுடையதால் நகம் வெட்டுவேன், கண்ணாடியின் திருகை முடுக்குவேன், விரலில் ஏறிய சிராயை எடுப்பேன். படிப்பைப் பாதியில் விட்டு, ஆறு வருடம் பார்சல் கிடங்கில் ராத்திரி வேலை பார்த்தபோது அட்டைப்பெட்டி கிழிக்க வாங்கியது. அந்த ஆறு வருடத்திலிருந்து கூட வந்த ஒரே பொருள் அதுதான். தூக்கம்கூடச் சரியாகத் திரும்பி வரவில்லை.

பகல் வேலை, நிரந்தர வேலை, இந்த இரண்டு சொற்களுக்காகத்தான் அங்கே மூன்று வருடம் ஒப்பந்தக்காரனாக இருந்தேன். நேர்முகம் முடிந்துவிட்டது. வரும் வியாழக்கிழமை அலுவலகத்தில் கையெழுத்து.

பதினொன்று இருபதுக்கு மூன்றாம் லைன் நின்றது. மூடியின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. கவாஜிரி அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, சீக்கிரம். சோறு ஆறிடுச்சுன்னா அதுக்கும் ஒரு அறிக்கை எழுதணும்."

"அலமாரிக்குப் போயிட்டு வரட்டுமாக்கா?"

"போயேன். வரும்போது என் மகனுக்குக் கல்யாணம் ஆகி பேரப்புள்ளையே பொறந்திருக்கும்."

மற்ற பெண்கள் முகமூடிக்குள் சிரித்தார்கள். கவாஜிரி அக்கா என் முன்னால் வந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி, கையை இடுப்பில் வைத்து அகலமாக நின்றார். நான் குனிந்து பூட்ஸிலிருந்து எடுத்தேன். சின்னக் கத்தியால் தாளை அறுத்து உருவினேன். உருளை சுழன்றது, ஆனால் சென்சாரின் சிவப்பு விளக்கு அணையவில்லை. அதன் அடியில் ஒரு துளைக்குள் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்த உலோகம் கூடாது, உள்ளே ஷார்ட் ஆகிவிடும். அதற்கென்று ஒரு நீலக் குச்சி அலமாரியில் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. நான் கத்தியின் கைப்பிடி ஓரத்தில் செருகியிருக்கும் பல்குச்சியை உருவினேன். அந்தக் கத்தியிலேயே உலோகம் அல்லாத ஒரே பாகம். சுண்டுவிரல் அளவு, வெள்ளை பிளாஸ்டிக். துளைக்குள் விட்டு அழுத்தினேன், பச்சை எரிந்தது. நான்கு நிமிடம் நாற்பது வினாடி. கவாஜிரி அக்கா என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

குச்சியை உருவியது நினைவிருக்கிறது. அழுத்தியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அடுத்த காட்சி மதிய மணியடித்ததும் நான் கூண்டுக்குள் காற்றில் நிற்பதுதான்.

இல்லை, இதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே பொத்தானை அதே குச்சியால் அந்த வாரம் மூன்று முறை அழுத்தியிருக்கிறேன்.

ஒன்றேகால் மணிக்கு ஓய்வறையில் கவாஜிரி அக்கா ஒரு பேரிக்காயை என் முன்னால் உருட்டிவிட்டார். தோல் சீவக் கத்தியை எடுத்தேன். கைப்பிடியின் ஓரத்தில் குச்சி இருக்க வேண்டிய இடம் ஒரு சின்னக் கறுப்புத் துளையாக இருந்தது. நான் பேரிக்காயை முழுக்கச் சீவினேன். எட்டாக வெட்டினேன். விதைப் பகுதியை நீக்கி, தட்டில் அடுக்கி, அக்காவிடம் கொடுத்தேன். பிறகு எழுந்து பராமரிப்பு அறைக்குப் போனேன்.

ஒகுமுராவும் தோகாஷியும் இருந்தார்கள். கத்தியை மேசையில் வைத்துச் சொன்னேன்.

தோகாஷி முதலில் சிரித்தான். "பல்குச்சியா? அதுல எவன்டா பல்லு குத்துவான்?" பிறகு அது எதனால் ஆனது என்பது அவனுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது. "டேய், காலையில அது அதுல இருந்துதா? கண்ணால பாத்தியா?"

"பாக்கலை."

"அப்ப வீட்ல கிடக்கு. முடிஞ்சு போச்சு. உக்காரு, டீ குடி."

"பொத்தானை அழுத்தினேனே."

"இன்னிக்கு அழுத்தினியா, நேத்து அழுத்தினியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. யோசிக்கும்போது என் பொண்ணுங்களையும் கொஞ்சம் யோசி."

ஒகுமுரா எழுந்து வெள்ளை அங்கியை எடுத்தார். மாலை ஆய்வுக்கு முன்னோட்டம் என்று கவாஜிரி அக்காவிடம் சொல்லிவிட்டு மூன்றாம் லைனைப் பத்து நிமிடம் நிறுத்தி, நாங்கள் இருவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். சென்சாரின் மேல், மூடியின் விளிம்பில், உருளைக்கு அடியில், நீர் வடியும் தட்டியில். சென்சாரிலிருந்து ஒரு கை தூரத்தில் சோறு கொட்டும் வாய். வெள்ளைச் சோறு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் இல்லாத ஒரு வாய்க்குள் அந்தக் குச்சி போவதைக் கற்பனை செய்ய எனக்குப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை.

"மூணரைக்கு வண்டி கிளம்பிடும்," என்றார் ஒகுமுரா, தரையைப் பார்த்தபடி. "சொல்றதுன்னா இப்பச் சொல்லணும். சொல்லலைன்னா எப்பவும் சொல்லக் கூடாது. ரெண்டுல ஒண்ணு."

நான் சொல்லப் போனது தைரியத்தால் அல்ல. அதை இனி எத்தனை வருடம் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று யோசித்தேன். ஒவ்வொரு நாளும் செய்தித்தாளில் மூச்சடைத்துச் செத்த கிழவர்களைத் தேட வேண்டும். அவ்வளவு உழைப்பு என்னால் ஆகாது. சொல்வது அதைவிடக் குறைந்த வேலையாகத் தெரிந்தது.

தரக் கட்டுப்பாட்டு அதிகாரி நிஷிவாகி மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நான் சொல்லி முடித்ததும் முதலில் தொலைபேசியை எடுத்து வண்டிகளை நிறுத்தினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துவைத்தார்.

"ஏன் கொண்டு வந்தீங்க?"

"அலமாரிக்குப் போய்வர பதினெட்டு நிமிஷம் ஆகுது மேடம்."

"ஏன் அதை மேல சொல்லலை?"

"மூணு தடவை எழுதிக் கொடுத்திருக்கோம்."

"ஏன் நடக்கலை?"

"அது உங்க மேசைக்குத்தான் வந்திருக்கும்."

பேனா நின்றது. நான்காவது ஏனுக்கும் ஐந்தாவது ஏனுக்கும் அவரே ஏதோ எழுதிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் எல்லோரையும் ஓய்வறைக்கு அழைத்து மேசைமேல் ஒரு நீலத் தட்டை வைத்தார். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதலில் யாரும் அசையவில்லை. கவாஜிரி அக்கா கொண்டைக்குள் கைவிட்டுக் கத்தரிக்கோலை உருவி வைத்தார். தோகாஷி பனியனுக்குள்ளிருந்து கயிற்றோடு கழற்றினான். ஒகுமுரா காலுறையிலிருந்து எடுத்தார். பிறகு சோறு அளக்கும் பெண், பெட்டி அடுக்கும் இரண்டு பெண்கள், சலவைக்காரர். கிரெடிட் கார்டு போலத் தட்டையான ஒன்று, பேனா போல ஒன்று, சாவிக்கொத்துக் கிளி ஒன்று, அதன் அலகு திருப்புளி. பதினொன்று சேர்ந்தது. ஒவ்வொன்றும் தட்டில் விழும்போது ஒரு சத்தம். தன்னுடையதை வைத்துவிட்டு நகரும் ஒவ்வொருவரும் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நல்லா இருடா," என்றான் தோகாஷி. "ஒரு குச்சிக்கு ஊரையே நிர்வாணமாக்கிட்டே."

நிஷிவாகி மேடம் முடிவைச் சொன்னார். பெட்டிகள் குளிர் அறையில் நிற்கும். பிளாஸ்டிக்கைக் காட்டித் தரும் இயந்திரம் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் கையால் கிளறினால் அதன் பிறகு அது விற்கக்கூடிய சாப்பாடு அல்ல. என் வீட்டில் குச்சி கிடைத்தால் வண்டிகள் போகும், இல்லையென்றால் அத்தனையும் குப்பை. மூன்றேகாலுக்குள் பதில் வேண்டும். எதையும் ஒருவர் மட்டும் பார்த்தால் அது பார்த்ததாகாது, இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே ஒகுமுரா என்னோடு வந்தார்.

சின்ன வேனில் பன்னிரண்டு நிமிடம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒகுமுரா பாதி வழியில்தான் பேசினார்.

"வண்டிக்காரன் பெட்டி மட்டுமா குடுக்கறான்? கதவைத் தட்டி, ஆள் உசிரோட இருக்கா இல்லையான்னு பாத்துட்டு டிக் அடிக்கறான். இன்னிக்குப் போகலைன்னா ஆயிரத்துத் தொள்ளாயிரம் கதவை எவனும் தட்ட மாட்டான்."

நான் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தேன்.

"அதுல ஒண்ணு எங்கம்மா கதவு," என்றார்.

என் வீடு இரண்டாம் மாடி, ஒரு அறை, வெளியே திறந்த நடை. அவர் பூட்ஸைக் கழற்றி ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். இந்த வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் அங்கே வந்த முதல் ஆள். மடிக்காத படுக்கை, குக்கர், ஒரு நாற்காலி, பகல் வெளிச்சம் படாமல் இருக்க ஜன்னலில் ஒட்டிய அட்டை. ராத்திரி வேலையின் காலத்தில் ஒட்டியது, கிழிக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். படுக்கையை உதறினோம். நேற்றைய கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்தோம். துணி துவைக்கும் இயந்திரத்தின் பஞ்சுப் பையைக் கவிழ்த்தோம். குளியலறைச் சல்லடையில் என் தலைமயிர் மட்டும் இருந்தது.

"நேத்து எதுக்காவது எடுத்தியா அதை?"

"அட்டைப்பெட்டி பிரிச்சேன். கத்தியால."

"குச்சியை?"

"ஞாபகம் இல்லை தலைவரே."

மணி மூன்று ஐந்து. ஒகுமுரா எழுந்து கை கழுவும் தொட்டியில் கை கழுவினார். முப்பது வினாடி, பழக்கதோஷம். கையைத் துடைத்துவிட்டுக் கால்சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் விரல் நீளச் சிவப்புக் கத்தி ஒன்று தொங்கியது. என்னுடையதைப் போலவே, நிறம் கொஞ்சம் தேய்ந்தது. தட்டில் அவர் வைக்காதது. நகத்தால் அதன் பல்குச்சியை உருவி, தொட்டியின் விளிம்பில், என் பல்துலக்கிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதோ இருக்கு."

"அது உங்களோடது."

"குச்சில பேரா எழுதியிருக்கு?"

"கிடைச்சுதுன்னு சொல்லிட்டா... உண்மையிலேயே அது சோத்துல இருந்தா?"

"இருந்தா யாரோ ஒருத்தர் வாயில தட்டுப்படும். துப்பிடுவாங்க. துப்பலைன்னா..." அவர் நிறுத்தினார். "எங்கம்மாவுக்கும் ஒரு பெட்டி போகுதுன்னு சொன்னேன்ல? நான் போக விடறேன். வேற என்ன சொல்லச் சொல்றே? நீ இந்தக் குச்சியைக் கையில எடு. ரெண்டு பேர் பாத்தோம். நீ வியாழக்கிழமை கையெழுத்துப் போடு. நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் இன்னும் பதினாலு மாசம் ஓட்டிட்டுப் போறேன். தோகாஷி பொண்ணுங்க படிக்கட்டும்."

நான் குச்சியைப் பார்த்தேன். கையை நீட்டினால் தொடும் தூரம். எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் அது என்னுடையதாகவே இருந்திருக்கும், எடையும் அதே எடைதான். எடுத்தேன். அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"என்ன, ரொம்ப நல்லவனா நீ?" என்றார். குரலில் கோபம் இல்லை.

"இல்ல தலைவரே. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்னால சொல்ல முடியும். சொல்லிட்டேன். இன்னொரு தடவை அந்தம்மா முன்னாடி நின்னு வேற ஒண்ணைச் சொல்லத் தெம்பு இல்லை."

"நீ நிக்க வேணாம். இன்னிக்கு நீ திரும்பி வர வேணாம். படுத்துத் தூங்கு."

அவர் வாசலில் குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸுக்குள் காலை நுழைத்தார். குச்சியைக் கத்திக்குள் திரும்பச் செருகவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். அவர் நடைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி, மழையைப் பார்த்தபடி தொலைபேசியைக் காதில் வைத்தார்.

"நிஷிவாகி மேடமா? ஒகுமுரா பேசறேன். ஆமா, அவன் வீட்லேர்ந்துதான். ரெண்டு பேரும் நல்லா பாத்துட்டோம்."

அந்தப் பக்கம் கேள்வி கேட்டார்கள் போலிருக்கிறது. அவர் மூச்சை இழுத்தார். எங்கள் கட்டடத்தின் கதவுகள் இரும்பு, சாத்திவிட்டால் வெளியே பேசும் குரல் கேட்கும், சொல் கேட்காது. நான் கதவைச் சாத்தினேன். குமிழைத் திருப்பிப் பூட்டினேன். பிறகு, தேவையே இல்லாமல், மேலே இருந்த சங்கிலியையும் மாட்டினேன்.